லேமினேட் செய்த கோபம்

7

“மனுஷகுல வரலாற்றிலேயே, விதிமுறைகளைக் கடைசி வரி வரைக்கும் படிச்சு முடிச்சிட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அமுக்கின ஒரே ஆள் நான்தான்” என்றார் ஹில்டிங் ப்ரூமான்.

டிராமில் இருந்த யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. நோர்ஷாப்பிங் நகரத்து மஞ்சள் டிராமில் ஒருவர் மயங்கி விழுந்தால்கூட, மற்றவர்கள் அவருடைய தனிமையை மதித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

எதிர் இருக்கையில் இருந்த எம்ப்லா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். ஹில்டிங், இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை இருபத்திரண்டு வருடம் பார்த்துவிட்டு, இப்போது தனியார் துப்பறிவாளராக இருப்பவர். எம்ப்லா அவருடைய உதவியாளர். சட்டம் படித்து, பதினோரு மாதம் வக்கீலாக இருந்து, ஒரு நீதிபதி தீர்ப்பு வாசிக்கும்போது சிரித்துவிட்டதால் இந்த வேலைக்கு வந்தவள்.

“ஒரே ஆளா? அதை எழுதின வக்கீலாவது படிச்சிருக்க மாட்டாரா பாஸ்?”

“மாட்டார். பிரிவு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எழுதினவன் வேற, இருபது வரைக்கும் எழுதினவன் வேற. முழுசாப் படிச்சது நான் மட்டும்தான்.” மடியில் இருந்த எண்பத்து மூன்று பக்கத் தாள்கட்டைத் தட்டினார். பாதி வரிகளில் மஞ்சள் மை பூசியிருந்தது. “படிக்காம அமுக்குறவன் இருக்கானே, அவனை நான் மனுஷக் கணக்குல சேக்கறதில்ல. எலி. இல்ல, எலியைக் கேவலப்படுத்தக் கூடாது. எலிகூடப் பொறிக்குள்ள தலையை விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாக்கும்.”

“என்னை எதுல சேக்கறீங்க?” எம்ப்லா தன் பழைய பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். “இது எதையும் ஒத்துக்கச் சொல்லிக் கேக்கறதே இல்ல. அடிக்குது, எடுக்கறேன், வைக்கறேன்.”

“நீ கற்கால மனுஷி. ஆனா மனுஷி” என்றார் ஹில்டிங் பெருந்தன்மையாக.

அந்த எண்பத்து மூன்று பக்கமும் ‘டோர்வென்’ என்ற செயலியின் விதிமுறைகள். டோர்வென் என்றால் கதவு நண்பன். போனைக் காட்டினால் கதவு திறக்கும். அந்த நண்பன்தான் இப்போது குன்வோர் ஏக்டால் என்ற பெண்ணை வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தான்.

குன்வோருக்கு ஐம்பத்தேழு வயது. டிராம் ஓட்டுகிறாள். நூலாலைத் தெருவில் ஓர் ஆறுமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்து நான்கு வருடமாகக் குடியிருக்கிறாள். ஒன்பது நாளைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலவறையில் இருக்கும் பொதுச் சலவை அறையில் யாரோ வாஷிங் மெஷினுக்குள் ஒரு பெரிய கம்பளத்தைத் திணித்துவிட்டார்கள். கம்பளம் துவைக்கக் கூடாது என்று அங்கே ஆறு இடத்தில் எழுதியிருக்கிறது. மெஷின் பிளந்து, தண்ணீர் நிலவறை முழுக்க ஓடி, லிஃப்ட் குழிக்குள் இறங்கி, லிஃப்ட் செத்தது. நீலக் கோடு போட்ட அந்தக் கம்பளத்துக்கு இன்றுவரை யாரும் உரிமை கோரவில்லை. டோர்வென் பதிவில் மட்டும் பளிச்சென்று ஒரு வரி: ‘ஞாயிறு, மணி 14.06. கதவைத் திறந்தவர்: குன்வோர் ஏக்டால்.’

கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் விதி இன்னும் சுருக்கம்: திறந்தவரே பொறுப்பு. இன்று மாலை ஆறு மணிக்குச் சிறப்புக் கூட்டம். கை தூக்கி ஓட்டெடுப்பு. பெரும்பான்மை வந்தால் குன்வோருக்கு வீடு இல்லை.

மணி ஐந்து பத்து.

நிலவறைப் படிகளின் அடியில், பூட்டிய சலவை அறைக் கதவுக்கு வெளியே, குன்வோர் காத்திருந்தாள். காலடியில் பனிமூட்டை போல ஒரு வெள்ளை நாய்.

“இருபத்தினாலு வருஷமா ஒரு டிராமைக்கூட நான் தடம் புரள விட்டதில்ல” என்றாள் வணக்கம்கூடச் சொல்லாமல். “இப்ப ஒரு கம்பளத்தால என் வீடு போகுது. எங்கிட்ட கம்பளமே கிடையாது. நாய் முடி ஒட்டும்னு வாங்கறதே இல்ல.”

“அதைச் சங்கத்துல சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘ஆப் வேற மாதிரி சொல்லுதே’ன்னாங்க. அன்னிக்கு ஒரு மணிலேர்ந்து நாலு வரைக்கும் சலவை அறை என் பேர்லதான் பதிவு. ஆனா காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அசந்து தூங்கிட்டேன். போன் சார்ஜ்ல கெடந்துச்சு. தூங்கறதுக்கு யாராவது சாட்சி வச்சுக்கிட்டுத் தூங்குவாங்களா?”

“நாய் இருந்ததே?” என்றாள் எம்ப்லா.

“அதுவும் தூங்கிடுச்சு.”

ஹில்டிங் தாள்கட்டில் ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். குரலில் பிரார்த்தனைக்கான நிதானம் வந்தது. “பிரிவு முப்பத்தொண்ணு, உட்பிரிவு இ. ‘வசிப்பவரின் வசதிக்காக, நிர்வாகி அவர் பெயரில் கதவைத் திறந்து தரலாம். அவ்வாறு திறக்கப்படும் கதவு, வசிப்பவரே திறந்ததாகக் கருதப்படும்.’”

எம்ப்லா சீட்டியடித்தாள். “திருடன் என் பேரைச் சொல்லிட்டு உள்ள போனா, போனது நான்.”

“வசதிக்காக.”

“கெட்டது நடந்தா கம்பெனி?”

“பக்கம் மூணு. கதவு திறந்தாலும் பொறுப்பில்ல, திறக்காட்டியும் பொறுப்பில்ல, தப்பான ஆளுக்குத் திறந்தாலும் பொறுப்பில்ல.”

“அப்ப அவன் நண்பன் இல்ல பாஸ், மாப்பிள்ளை. எல்லா வீட்டுலயும் பூந்து சாப்பிடுவான், எதுக்கும் பதில் சொல்ல மாட்டான். சரி, இங்க நிர்வாகி யாரு?”

“ஒரே ஆள்தான். சங்கத் தலைவர் ஓர்யான்” என்றாள் குன்வோர். “ஆப்பைக் கொண்டு வந்ததே அவன்தான்.”

“திறந்திருக்க முடியும்னுதான் இந்தப் பிரிவு காட்டுது. திறந்தார்னு காட்டல” என்றார் ஹில்டிங். “நிர்வாகி பதிவைக் கம்பெனிகிட்ட கேட்டேன். தர்றதுக்கு முப்பது நாளாம். நமக்கு இருக்கறது அம்பது நிமிஷம். அன்னிக்கு உள்ள இருந்தது குன்வோர் இல்ல, வேற ஆள்னு காட்ட ஏதாவது ஒண்ணு வேணும்.”

எம்ப்லா கதவைப் பார்த்தாள். கதவே தெரியவில்லை. அவ்வளவு சீட்டுகள்.

இந்த ஊரில் கோபம் வாய் வழியாக வராது. அண்டைவீட்டுக்காரர் மேல் ஆத்திரம் வந்தால் படிக்கட்டில் அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, பெயர் போடாமல் ஒரு சீட்டு எழுதிச் சலவை அறைக் கதவில் குத்திவிட வேண்டும். எம்ப்லா வரிசையாகப் படித்தாள். ‘சோப்புத்தூள் பெட்டியைத் துடைக்க உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை.’ அதன் கீழே வேறு கையெழுத்தில், ‘என் அம்மாவை இழுக்காதீர்கள்.’ நடுவில், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நான்கு மூலையிலும் ஊசி குத்திப் பளபளவென்று ஒன்று இருந்தது. கட்டைவிரல் அளவு எழுத்தில்:

‘பஞ்சுவடிகட்டியைச் சுத்தம் செய்யாதவருக்கு! டிரையரில் நீங்கள் விட்டுச் சென்ற வெள்ளை நாய் முடியை வைத்து இன்னொரு நாயே செய்துவிடலாம். இதுவே கடைசி எச்சரிக்கை. ஞாயிறு, 18 ஜனவரி, மணி 14.20. இப்படிக்கு, சுத்தம் செய்பவர்.’

எம்ப்லா இன்னொரு முறை படித்தாள்.

“நேரமெல்லாம் போட்டுத் திட்டுவாங்களா இங்க?”

“சங்க விதி. சீட்டுல தேதியும் நேரமும் இருக்கணும். பதினாலு நாள் தொங்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்ற குன்வோர் சட்டென்று சிவந்தாள். வெள்ளத்துக்குப் பழி சுமத்தியபோதுகூட அவள் இப்படிச் சிவந்திருக்க மாட்டாள். “அது என்னைத்தான் சொல்லுது. இந்தக் கட்டடத்துல வெள்ளை நாய் எங்கிட்ட மட்டும்தான். சனிக்கிழமை ராத்திரி டிரையர்ல போர்வை காய வச்சேன். வடிகட்டியில சேர்ந்த பஞ்சை எடுக்க மறந்துட்டேன். அது நெசம். அதுக்கு வேணா என்னைத் துரத்தட்டும்.”

“குன்வோர், ஒரு சின்னக் கேள்வி. உங்களை நீங்களே திட்டி, பேர் போடாம, கதவுல குத்துவீங்களா?”

“நான் குத்தினா பேர் போடுவேன்.”

எம்ப்லா திரும்பினாள். “பாஸ், வெள்ளம் தெரியறதுக்கு முன்னாடி அன்னிக்கு இந்தக் கதவு எத்தனை தடவை திறந்திருக்கு?”

“ஒரே தடவை. 14.06.”

“14.20க்கு டிரையரைத் திறந்து முடியைப் பாத்திருக்கான் ஒருத்தன். பறந்தா வந்தான்? 14.06க்கு வந்தவன்தான் அவன்!”

ஹில்டிங் சீட்டின் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

“அடுத்தவ பேர்ல பூந்திருக்கான்” என்றார் மெதுவாக. “தடை பண்ணின கம்பளத்தை மெஷின்ல திணிச்சிருக்கான். அதெல்லாம் அவன் மனசை உறுத்தல. பக்கத்துல டிரையர்ல பஞ்சைப் பாத்ததும் ரத்தம் கொதிச்சிருச்சு.”

“வீட்டுக்குள்ள பூந்த திருடன், ‘தூசி தட்டுங்கள்’னு எழுதி வச்சிட்டுப் போன மாதிரி. அதோட விட்டானா? கோபத்தை லேமினேட் வேற பண்ணியிருக்கான். ஈரம் படக் கூடாதாம்.” எம்ப்லா பளபளப்பைத் தட்டினாள். “குன்வோர், இந்தக் கட்டடத்துல லேமினேட் மெஷின் யார்கிட்ட இருக்கு?”

“சங்க ஆபீஸ்ல. ஆறாவது மாடி. சாவி...”

மேலே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் இல்லாததால் நிதானமாக, ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தது.

ஓர்யான் ஹால்க்விஸ்ட் அறுபத்தைந்து வயதுக்காரர். இஸ்திரி போட்ட ஸ்வெட்டர், அக்குளில் கோப்பு. சங்கத்தின் மாதச் செய்தித்தாளை அவரே எழுதி, அவரே பிழை திருத்தி, அவரே ஒவ்வொரு வீட்டுக் கதவுப் பிளவிலும் போடுபவர்.

“வெளியாட்கள் நிலவறையில நிக்கறதுக்கு முன்அனுமதி வேணும்” என்றார் புன்னகையோடு.

“யார்கிட்ட?” என்றாள் எம்ப்லா.

“ஆப்ல விண்ணப்பிக்கலாம்.”

எம்ப்லா பட்டன் போனை உயர்த்திக் காட்டினாள். ஓர்யான் அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அந்த மாதிரி சாதனத்தை ஆப் ஆதரிக்கறதில்ல. காலத்துக்கு ஏத்த மாதிரி மாறாதவங்களுக்காக நாற்பது குடும்பம் காத்திருக்க முடியாது. முன்னாடி மரப்பலகையில அவங்கவங்க நேரத்துக்கு ஒரு பூட்டு மாட்டிச் சலவைக்கு முறை வச்சோம். யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு ஒரு ஆதாரம் உண்டா? இப்ப எல்லாம் துல்லியம். ஆப் பொய் சொல்லாது.”

“ஆப் பொய் சொல்லாது” என்று ஒப்புக்கொண்டார் ஹில்டிங். “சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்.”

“கம்பெனி பொறுப்பில்லைன்னு விதிமுறை சொல்லுது. சங்கம் பொறுப்பில்லைன்னு சங்க விதி சொல்லுது. மிச்சம் இருக்கறது யாரு? குன்வோர்.” அவள் பக்கம் திரும்பினார். “இதுல எனக்கு ஒரு பகையும் இல்ல குன்வோர். கணக்கு அப்படி வருது.”

“நீ என் முகத்தைப் பாத்துப் பேசு ஓர்யான்.”

“ஆறு மணிக்குப் பேசலாம்.”

ஹில்டிங் தாள்கட்டைத் தூக்கினார். முப்பத்தொன்று இ-யைச் சொல்லப் போகிறார். எம்ப்லா அவர் காலை மிதித்தாள். இந்த மனிதரிடம் சட்டம் பேசினால் சட்டம்தான் திரும்பி வரும். அவள் பார்வை அந்தச் செய்தித்தாள் ஆசிரியரின் ஸ்வெட்டரில் ஓர் இழைகூடப் பிசிறாத மடிப்பில் நின்றது.

“அதை விடுங்க. நாங்க இந்தச் சீட்டைத்தான் ரசிச்சிட்டு இருந்தோம்” என்றாள். “அந்த நாய் விஷயம் பிரமாதம். என்ன நறுக்கு!”

“யாரோ நியாயமானவங்க எழுதியிருப்பாங்க” என்றார் ஓர்யான். புன்னகை ஒரு விரற்கடை அகலமானது.

“ஆனா பாவம், படிப்பு கம்மி போல. ‘பஞ்சுவடிகட்டி’ ஒரே சொல் இல்லையா? இங்க ‘பஞ்சு’ தனியா, ‘வடிகட்டி’ தனியா பிரிச்சு எழுதியிருக்கு.”

சேர்த்து எழுத வேண்டிய சொல்லைப் பிரித்து எழுதுவது அந்த நாட்டில் கொலைக்கு ஒரு படிதான் கீழே. கொலைக்காவது சூழ்நிலை என்று ஒன்று இருக்கும்.

“பிரிச்சு எழுதல” என்றார் ஓர்யான்.

“இடைவெளி தெரியுதே.”

“இடைவெளி இல்ல. பிளாஸ்டிக்ல வெளிச்சம் அடிக்குது.”

“இல்லீங்க, நடுவுல ஒரு பஞ்சே போற அளவுக்கு இடம் இருக்கு. பாஸ், நீங்க சொல்லுங்க?”

“அரைச் சொல் அகலம்” என்றார் ஹில்டிங் வருத்தமாக.

“சேர்த்துத்தான் எழுதியிருக்கு!” ஓர்யானின் குரல் நிலவறைக் குழாய்களில் மோதித் திரும்பியது. “லேமினேட் போடறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை சரிபார்த்தேன்!”

நாய் தலையைத் தூக்கியது.

“நானும் சேர்த்துத்தான் பாக்கறேன்” என்றாள் எம்ப்லா. “சும்மா கேட்டேன்.”

குன்வோர் சுவரில் கை வைத்துக்கொண்டாள். “நீயா?”

“லேமினேட் மெஷின் சூடாக எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார் ஹில்டிங். “கால் மணி? கீழ வாஷிங் மெஷின்ல கம்பளம் சுத்திக்கிட்டிருக்கு. நீங்க ஆறாவது மாடியில சீட்டுக்கு உறை போட்டுட்டு இருந்தீங்க. அந்தக் கால் மணியிலதான் வாஷிங் மெஷின் பிளந்துச்சு. கீழே வந்து, கதவைத் திறக்காம, வெளிப்பக்கமே குத்திட்டுப் போயிட்டீங்க. உள்ள தண்ணி ஓடறது தெரியாது.”

“அவ முறை எடுத்துட்டு வரல. அறை ஒரு மணி நேரமாச் சும்மா கெடந்துச்சு” என்றார் ஓர்யான் தன்னையறியாமல். பிறகு தன்னை அறிந்தார். கோப்பை நேராக்கினார். புன்னகை திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. “இப்ப நான் சொன்னதை யாரு கேட்டா? குற்றம் செஞ்சவ ஒருத்தி, வெளியாளு ரெண்டு பேர். கூட்டம் முற்றத்து ஹால்ல. அதுவும் டோர்வென் கதவுதான். குன்வோர் கணக்கை இப்பத்தான் முடக்கினேன். ஆறு மணிக்கு முதல் விஷயமே அவதான்.”

அவர் படியேறத் தொடங்கியதும் எம்ப்லா நான்கு ஊசிகளையும் பிடுங்கினாள்.

“பதினாலு நாள் ஆகல!” என்று படியில் நின்று அலறினார் ஓர்யான். “அதை யாரும் எடுக்கக் கூடாது!”

“தெரியும். அதனாலதானே நீங்களும் எடுக்கல” என்றாள் எம்ப்லா. “வீட்டுல தரை குளிரா இருக்குமே, கம்பளம் இல்லாம?”

முற்றத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. ஹாலின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாற்பது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி பிளாஸ்க், ஏலக்காய் பன் தட்டுகள். மேடையில் ஓர்யான் மரச்சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டையும் முப்பத்தொன்று இ-யையும் அந்த நாற்பது பேர் முன்னால் வைத்தால் போதும். யார் போட்ட லேமினேட் அது என்று அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். தூக்கிய கைகள் இறங்கிவிடும்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து.

குன்வோர் கண்ணாடியைத் தட்டினாள். நாற்பது பேரும் பார்த்தார்கள். நாற்பது பேரும் காப்பிக் கோப்பைக்குள் குனிந்தார்கள்.

“என்னங்க இது? கைப்பிடியைத் திருகினா உள்ளேர்ந்து திறக்குமே!”

“திறந்தவரே பொறுப்பு” என்றாள் குன்வோர். குரலில் கோபம்கூட இல்லை. “யாரு திறப்பா?”

கதவின் பக்கத்தில் கட்டம் கட்டமான ஒரு கியூஆர் குறி ஒட்டியிருந்தது. ‘விருந்தினரா? போனைக் காட்டுங்கள்.’ எம்ப்லாவின் போன் போன் மட்டும்தான். குன்வோரின் போன், ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இனிய மாலைப் பொழுது!’ என்றது. ஹில்டிங் தன் போனைக் காட்டினார். திரையில் எழுத்துகள் வந்தன.

‘வருக! எங்கள் விதிமுறைகள் இன்று பிற்பகல் புதுப்பிக்கப்பட்டுள்ளன. 91 பக்கங்கள்.’ அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தான்.

ஹில்டிங் தன் அக்குளில் இருந்த எண்பத்து மூன்று பக்கங்களைப் பார்த்தார். நேற்றுப் பிறந்து இன்று செத்த பக்கங்கள்.

“இருங்க. படிச்சிடறேன்” என்றார்.

படிக்கவும் தொடங்கினார். உதடு அசைந்தது. முதல் பக்கம். காது சிவந்து, மூக்கு நுனியில் ஒரு துளி உறைந்தது. இரண்டாம் பக்கம். உள்ளே யாரோ நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். மூன்றாம் பக்கம் பாதி.

குன்வோர் அவரை அவசரப்படுத்தவில்லை. தலையைத் தூக்கி மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரும்போது சமையலறை விளக்கை அணைக்காமல் வந்திருந்தாள். இருபத்து நான்கு வருடத்து மஞ்சள் வெளிச்சம்.

உள்ளே சுத்தியல் ஒருமுறை விழுந்தது. இந்த ஊரில் ஆறு மணி என்றால் ஆறு மணி.

“எம்ப்லா” என்றார் ஹில்டிங். குரல் சாதாரணமாக இருந்தது. ரொம்பச் சாதாரணமாக. “குன்வோரோட ஷூ கயிறு அவிழ்ந்திருக்கு பார். பனியில வழுக்கிடப் போறாங்க. கொஞ்சம் கட்டி விடு.”

குன்வோர் போட்டிருந்தது ஜிப் வைத்த பூட்ஸ்.

எம்ப்லாவின் நாக்கு நுனிக்குப் பதினோரு பதில்கள் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, முதுகைக் காட்டிக் குனிந்தாள். எதிரே படிக்கட்டு வாசலின் இருட்டுக் கண்ணாடியில் அவர் உருவம் தெளிவாகத் தெரிந்தது.

ஹில்டிங் இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். போனை முகத்தருகே கொண்டுபோனார். மூக்கு ஒருமுறை விடைத்துச் சுருங்கியது. மோந்து பார்த்திருக்கலாம்.

பிறகு கட்டைவிரல் சத்தமில்லாமல் இறங்கியது.